பத்திரத்தில் ஒட்டிய செலோ டேப்பை எடுப்பது எப்படி?

கல்மண்டபத்தான் | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேணும். 1971-ல எங்க பாட்டி எங்கப்பா பேருக்கு எழுதி வெச்ச செட்டில்மென்ட் பத்திரம் எங்கிட்ட இருக்கு. நாலா மடிச்சு டிரங்குப் பெட்டியில கெடந்ததுல மடிப்பு வாக்குல கிழிஞ்சுபோச்சு. அப்பா எப்பவோ முன்பக்கமும் பின்பக்கமும் செலோ டேப் ஒட்டி வெச்சுட்டார். அப்ப கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். இப்ப டீ டிகாஷன் கலர். ரெண்டு இடத்துல டேப் தானா கழண்டு சருகு மாதிரி கையோட வருது. அதுக்குக் கீழே பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி எண்ணெய்ப் பட்டை. பாட்டி வெச்ச கைநாட்டு மேலயே ஒரு டேப் ஓடுது.

லோனுக்கு பேங்க்ல மூலப்பத்திரம் கேக்குறாங்க. பெட்ரோல் தொட்டுத் துடைச்சா வந்துடும்னு கீழ் வீட்டுக்காரர் சொல்றார். செய்யலாமா?

இன்னொண்ணு. எட்டாவது படிக்கிற என் பொண்ணு இதைப் பாத்துட்டு, "டேப்பை யாருப்பா கண்டுபுடிச்சது?"ன்னு கேட்டா. பேனா கம்பெனிக்காரன்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். தப்புன்னா திருத்துங்க.

மின்ட் பைண்டர் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் அந்தப் பத்திரத்துக்குக் கிட்டயே கொண்டுபோகாதீங்க. பசை கரையும், வாஸ்தவம்தான். கூடவே சீல் மையும் கைநாட்டு மையும் கரைஞ்சு பரவலாம். கரைஞ்ச பசையும் எங்கேயும் போயிடாது, காகிதத்துக்குள்ள இன்னும் ஆழமா இறங்கும்.

இப்போதைக்கு டேப்பைப் புடிச்சு இழுக்காம, ரெண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவுல தட்டையா வெச்சுடுங்க. நாளைக்குக் கடையில கூட்டம் கொறைஞ்சதும் விவரமா எழுதுறேன்.

வியாசை டிங்கர் | வெள்ளி, இரவு 10.31

பேனா கம்பெனி இல்ல தல. இது எங்க தொழில்ல பொறந்த சாமான். நான்தான் சொல்லணும்.

நான் ஆட்டோ, கார் பெயிண்ட் வேலை பாக்குறவன். பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடி ஒட்டுறதுதான் மாஸ்கிங் டேப். தொழில் கத்துக்கிட்ட பட்டறையில ஓனர் அதுக்குக் காசு எடுக்க மாட்டார். பழைய நியூஸ்பேப்பரும் மைதா பசையும்தான். ரெண்டு கலர் வண்டி வந்துச்சுன்னா செத்தோம். முதல் கலர் அடிச்சு, காஞ்சப்புறம் அது மேல பேப்பர் ஒட்டி, ரெண்டாவது கலர் அடிச்சு, பேப்பரை உரிப்பேன். நேத்து அடிச்ச பெயிண்ட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பேப்பரோட வந்துடும். திரும்ப பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்ச்சு, அன்னிக்குக் கூலி போச்சு.

1920-கள்ல அமெரிக்காவுலயும் இதே கூத்துதான். ரெண்டு கலர் கார்தான் அப்ப அங்க ஃபேஷன். மினசோட்டாவுல செயின்ட் பால்னு ஒரு ஊரு. அங்க உப்புத்தாள் செய்யற கம்பெனி ஒண்ணு, இன்னிக்கு த்ரீ எம்னு சொல்றோமே அதுதான். அதுல ரிச்சர்ட் ட்ரூன்னு ஒருத்தர். இன்ஜினியரிங்கைப் பாதியில விட்டவர், டான்ஸ் நடக்குற எடத்துல பாஞ்சோ வாசிச்சவர். கம்பெனி புதுசா விட்ட வாட்டர் பேப்பரைத் தேய்ச்சுக் காட்டத்தான் பெயிண்ட் பட்டறைக்குப் போனார். போன நேரத்துல ஒரு பெயிண்டர் பேப்பரை உரிச்சு, பெயிண்ட்டும் சேர்ந்து வந்து, வாயில வந்ததெல்லாம் திட்டிக்கிட்டு இருந்தானாம். நான் ஒண்ணு செஞ்சு தரேன்னு சொல்லிட்டு வந்துட்டார் இவர். டேப் எப்படிச் செய்யறதுன்னு அவருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

நடுவுல மேலதிகாரி நிறுத்தச் சொல்லியும் விடல. 100 டாலர் வரைக்கும் கேக்காம வாங்குற உரிமை அவருக்கு இருந்துச்சாம், 99 டாலர் 99 டாலரா பில் போட்டு மிஷினே வாங்கிட்டார்னு சொல்லுவாங்க. 1925-ல மாஸ்கிங் டேப் வந்துச்சு. அந்த டேப்பைக் கிட்டத்துல பாருங்க, காகிதம் பூரா சின்னச் சின்னதா சுருக்கம் இருக்கும். அதனாலதான் மட்கார்டு வளைவுல மடங்காம வளைஞ்சு போகுது.

பேருக்கும் கதை உண்டு. முதல்ல குடுத்த டேப்ல ரெண்டு ஓரத்துல மட்டும்தான் பசை, நடுவுல இல்ல. பெயிண்ட் அடிக்கும்போதே கழண்டு விழுந்துச்சு. "இதை உன் ஸ்காட்ச் முதலாளிகிட்ட கொண்டுபோய்க் குடு, முழுசா பசை தடவச் சொல்லு"ன்னானாம் பெயிண்டர். ஸ்காட்லாந்துக்காரன்னா எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்னு அங்க ஒரு பேச்சு. அந்தத் திட்டையே பிராண்டுப் பேரா வெச்சுக்கிட்டாங்க. எங்க ஓனரைத் திட்டின திட்டெல்லாம் வீணாத்தான் போச்சு.

பெரம்பூர் டீச்சர் | வெள்ளி, இரவு 11.12

டிங்கர் தம்பி சொன்னது காகித டேப். கல்மண்டபத்தார் வீட்டுப் பாப்பா கேட்டது கண்ணாடி டேப். ரெண்டும் அதே ட்ரூ செய்ததுதான், ஆனால் நடுவில் ஐந்து வருஷம்.

செலோபேன் என்கிற கண்ணாடிக் காகிதத்தை உருவாக்கியவர் ழாக் பிராண்டன்பெர்கர் என்ற சுவிஸ்காரர். ஒயின் கொட்டினாலும் கறை படாத மேசைவிரிப்பு செய்யப் போய், துணிமேல் பூசிய பூச்சு தனியாக உரிந்து வந்ததாம். மரக்கூழிலிருந்து எடுப்பது அது, பிளாஸ்டிக் கிடையாது. பிறகு ஈரம் புகாத செலோபேன் வந்ததும் பேக்கரிக்காரர்களும் மளிகைக்காரர்களும் பண்டங்களை அதில் சுற்ற ஆரம்பித்தார்கள். சுற்றிய பிறகு ஒட்ட அதே மாதிரி பளபளப்பான ஒன்று வேண்டியிருந்தது. 1930 செப்டம்பரில் ட்ரூவின் செலோபேன் டேப் முதல் சுருள் சிகாகோவில் ஒரு கம்பெனிக்கு மாதிரியாகப் போனது.

காலம்தான் முக்கியம். அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். எதையும் புதிதாக வாங்க முடியாதவர்கள் கிழிந்த புத்தகம், உடைந்த பொம்மை, ஜன்னல் திரை என்று எல்லாவற்றிலும் டேப் ஒட்டினார்கள். பேக்கரிக்காக வந்த சரக்கு வீட்டுச் சரக்கானது அப்படித்தான். 1932-ல் ஜான் போர்டன் என்கிற விற்பனை அதிகாரி பல்வைத்த கத்தியோடு டிஸ்பென்சர் செய்தார். அதுவரை முனையைத் தேடி நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இன்றும் அந்த நிலைமைதான். டேப் முனையில் ஒரு தீக்குச்சியை ஒட்டி வைப்பேன், யாராவது அதை எடுத்துக் காது குடைவார்கள்.

நம் ஊரில் செலோ டேப் என்கிறோமே, அதன் கிட்டத்து உறவு இங்கிலாந்துப் பெயர். 1937-ல் லண்டன் மேற்கே ஆக்டனில் தொடங்கிய செல்லோடேப். ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் கண்ணாடி டேப்புக்கு டியூரெக்ஸ் என்று பெயர். அங்கிருந்து லண்டன் போனவர்கள் கடையில் அதைக் கேட்டு என்ன வாங்கினார்கள் என்பதை பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

ஐஸ்பெட்டி காசிமேடு | சனி, காலை 4.50

தூக்கம் வரலியா எல்லாருக்கும்? நான் ஏலம் முடிச்சு இப்பதான் ஒக்காந்தேன்.

டேப்புன்னா எங்களுக்கு பிரவுன் டேப்தான். தெர்மோகோல் பெட்டியில ஐஸ், மீனு, மறுபடி ஐஸ், மூடி போட்டு டேப். கேக்க சுளுவா இருக்கும். பெட்டி மேல தண்ணி, செதிலு, உப்பு. ஈரத்து மேல இன்னா காஸ்ட்லி டேப்பா இருந்தாலும் ஒட்டாது. புதுப் பசங்க அப்படியே இழுத்து ஒட்டிட்டுப் போயிடுவானுங்க, வண்டி மூலக்கொத்தளம் தாண்டுறதுக்குள்ள மூடி வாயைப் பொளந்துக்கும். நாங்க பழந்துணியில ஒரு தொடை தொடைச்சு, முதல் சுத்தைப் பெட்டி மேல ஒட்டுற மாதிரி சுத்தி, ரெண்டாவது சுத்தை முதல் டேப்பு மேலயே விடுவோம். டேப்பு டேப்பு மேல ஒட்டும்போது உடும்பு மாதிரி புடிக்கும், பெட்டி ஈரமா இருந்தா அதுக்கு இன்னா.

கத்தி இல்லேன்னா கவலை இல்ல. ஓரத்துல பல்லால ஒரு சின்னக் கடி, அப்புறம் சர்ருனு கிழிஞ்சுடும். கடிக்காம இழுத்துப் பாரு, கை அறுந்தாலும் டேப் அறுவாது. ஏன்னு நம்ம படிச்ச பசங்க யாராவது சொல்லுங்க.

டேப்தேடி மாணவன் | சனி, காலை 8.20

அண்ணே, பிரவுன் டேப்போட பிளாஸ்டிக்கை நீளவாக்குலயும் அகலவாக்குலயும் இழுத்து இழுத்துத்தான் செய்வாங்க. அதனால இழுத்தா தாங்கும். ஆனா ஓரத்துல ஒரு வெட்டு விழுந்துட்டா இழுக்குற வேகம் பூரா அந்த ஒரு முனையில சேர்ந்துடும், அதான் சர்ருனு போகுது.

ஈரத்துல ஏன் ஒட்டலன்னா, டேப் பசை எப்பவுமே காயாத பசை. கோந்து, ஃபெவிகால் மாதிரி காஞ்சு இறுகுறது இல்ல. அழுத்தினா பாகு மாதிரி மெதுவா ஓடி மேடு பள்ளத்துக்குள்ள எறங்கும், வெடுக்குனு இழுத்தா ரப்பர் மாதிரி இழுத்துப் புடிக்கும். பழைய வகையில ரப்பரும் மரப்பிசினும் கலந்திருக்கும். நடுவுல தண்ணியோ தூசோ இருந்தா பசை தூசைத்தான் தொடும், பெட்டியைத் தொடாது.

நிலாவுலயே இது நடந்துருக்கு. 1972 டிசம்பர், அப்பல்லோ 17. ரோவர் வண்டி மட்கார்டு சுத்தியல் மாட்டி ஒடைஞ்சுபோச்சு. துணி வெச்ச டக்ட் டேப் போட்டு ஒட்டினாங்க, நிலாத் தூசு மேல நிக்கல, கழண்டுடுச்சு. மறுநாள் நாலு வரைபடத்தை டேப் போட்டு ஒண்ணா சேர்த்து, கிளாம்ப் வெச்சு வண்டியில மாட்டினாங்க. அது நின்னுச்சு. உங்க டேப் மேல டேப் டெக்னிக்தான்.

வியாசை டிங்கர் | சனி, காலை 8.41

நிலாவுலயும் மட்கார்டு வேலையா! கூப்ட்ருந்தா வந்துருப்பேனே நைனா.

பெரம்பூர் டீச்சர் | சனி, காலை 9.15

டக்ட் டேப் கதையில் ஒரு அம்மா வருகிறார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெஸ்டா ஸ்டவுட். 1943-ல் இல்லினாயில் ஒரு தோட்டாத் தொழிற்சாலையில் பெட்டிகளைச் சரிபார்த்துக் கட்டும் வேலை. பெட்டியைக் காகித டேப்பால் ஒட்டி மெழுகில் முக்குவார்கள், பிரிக்க ஒரு வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் வால் மட்டும் கையோடு வந்துவிடும். சண்டையில் நிற்பவன் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். அவருக்கு இரண்டு மகன்கள் கடற்படையில். ஈரம் புகாத துணி டேப் போடலாம் என்று மேலதிகாரிகளிடம் சொன்னார், காரியம் நடக்கவில்லை. நேராக ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே படம் வரைந்து கடிதம் எழுதிவிட்டார். அது போர் உற்பத்தி வாரியத்துக்குப் போய், ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அந்தத் துணி டேப்பைச் செய்தது. 1970-ல் அப்பல்லோ 13-ல் காற்றைச் சுத்தம் செய்யும் சதுரப் பெட்டியை வட்டத் துளைக்குப் பொருத்தியபோது கையில் இருந்தது அந்த வம்சத்து டேப்தான்.

ஒயர்மேன் திருவொற்றியூர் | சனி, பகல் 12.30

செலோ டேப் சுத்தின ஒயர் ஜாயிண்ட் எத்தனை வீட்டுல பாக்குறேன் தெரியுமா. போன மாசம் ஒரு வீட்டுல மோட்டார் ஒயர், அடி பம்புக்கு ஒரு ஜாண் தள்ளி. மேல செலோ டேப், அதுக்கு மேல பால் கவர், அதுக்கு மேல சணல். பிரிச்சேன், உள்ள காப்பர் பச்சை பூத்து நிக்குது. குழந்தைங்க வெளையாடுற இடம். அந்த வீட்டம்மாகிட்ட நான் சத்தம் போட்டதுல காபி கூடக் குடுக்கல.

ஒயருக்குன்னு இருக்குறது பிவிசி இன்சுலேஷன் டேப். அது ரப்பர் மாதிரி இழுபடும், லேசா இழுத்துச் சுத்தினா ஒயரைக் கவ்விக்கும். முன்னாடி போன சுத்துல பாதி மேல அடுத்த சுத்து ஏறணும். கடைசிச் சுத்தை மட்டும் இழுக்காம விடணும். இழுத்து விட்டா அதுவா பின்னாடி சுருங்கிக் கொடி மாதிரி தொங்கும். மொட்டை மாடி வெயில்ல பசை கொழகொழன்னு ஆகி டேப்பே நகரும், அங்க டேப்பை நம்பாம ஜங்ஷன் பாக்ஸ் போடுங்க. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. அழகா இருக்குன்னு பச்சை டேப்பை ஃபேஸ்ல சுத்தி வெக்காதீங்க, நாளைக்கு வர்றவன் எர்த்துன்னு நம்பிக் கை வெப்பான்.

டெஃப்லான் டேப்னு பிளம்பர் கையில இருக்கே, அதுக்குப் பசையே கிடையாது. டேப்ங்கிறது பேருக்குத்தான். மரை ஏறுற திசையில சுத்தணும், எதிர்த்திசையில சுத்தினா முறுக்கும்போதே சுருண்டு வெளிய வந்துடும்.

கொருக்குப்பேட்டை கோல்கீப்பர் | சனி, மதியம் 2.10

வர்தா புயல் அப்போ, 2016 டிசம்பர், எங்க மாமா ஜன்னல் கண்ணாடி பூரா பிரவுன் டேப்ல பெருக்கல் குறி போட்டார். கண்ணாடி உடையல. டேப்தான் காப்பாத்துச்சுன்னு இன்னி வரைக்கும் சொல்லிட்டுத் திரியுறார். நெஜமா?

டேப்தேடி மாணவன் | சனி, மதியம் 2.34

இல்ல. காத்து அழுத்தத்தையோ பறந்து வர்ற கூரை ஓட்டுத் துண்டையோ டேப் தடுக்காது. உடைஞ்சா பொடியா விழாம டேப்போட சேர்ந்து பெரிய பெரிய துண்டா விழும், அது இன்னும் ஆபத்து. அமெரிக்காவுல சூறாவளி எச்சரிக்கை குடுக்குறவங்களே டேப் ஒட்டாதீங்கன்னுதான் சொல்றாங்க. பலகை அடிக்கலாம், இல்லேன்னா ஜன்னலை விட்டுத் தள்ளி உள் ரூமுக்குப் போயிடணும். உங்க மாமா வீட்டு ஜன்னல் காத்து அடிக்காத பக்கம் இருந்திருக்கும்.

கொருக்குப்பேட்டை கோல்கீப்பர் | சனி, மதியம் 2.40

அவர்கிட்ட இதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்ல. டேப்போட பசைக்கறை இன்னும் ஜன்னல்ல இருக்கு, தேங்காய் எண்ணெய் போட்டு அத்தைதான் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க.

எங்க ஏரியா பாக்ஸிங் பசங்க கிளவுஸ் கட்டினதும் மணிக்கட்டுல டேப் சுத்துறது எதுக்குன்னு ரொம்ப நாளா தெரியாம இருந்தேன். கயிறு முடிச்சும் முனையும் எதிராளி கண்ணுல கீறிடக் கூடாதுன்னு மூடுறாங்க. நாங்க ஃபுட்பால்ல சாக்ஸ் எறங்காம இருக்க முட்டிக்குக் கீழே சுத்துவோம், இன்சுலேஷன் டேப்தான். ரொம்ப இறுக்கிட்டா செகண்ட் ஹாஃப்ல காலே மரத்துப்போகும்.

டேப்தேடி மாணவன் | சனி, மதியம் 3.05

கல்மண்டபத்தார் பொண்ணுக்கு ரெண்டு விஷயம். ராத்திரி லைட்டை அணைச்சு, கண்ணு இருட்டுக்குப் பழகினதும் டேப் சுருளை வேகமா உரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உரியுற கோட்டுல மங்கலா நீல வெளிச்சம் தெரியும். இதையே 2008-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் காத்தில்லாத வெற்றிடத்துல வெச்சு உரிச்சப்போ எக்ஸ்ரே வந்துச்சு. அதை வெச்சு விரல் எலும்பையே படம் புடிச்சாங்க. வீட்டுல பயமில்லை, வெற்றிடத்துலதான் வரும்.

அடுத்தது பென்சில். எழுதுற முனையில இருக்கற கிராஃபைட் மேல டேப்பை ஒட்டி உரிச்சா மெல்லிசா ஒரு ஏடு வரும். அதை மறுபடி மறுபடி ஒட்டி உரிச்சு ஒரே ஒரு அணு தடிமனுக்குக் கொண்டு வந்தாங்க மான்செஸ்டர்ல ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். 2004-ல கிராஃபீன், 2010-ல இயற்பியல் நோபல். ஸ்டேஷனரி கடையில கெடைக்குற டேப்.

மட்டுறுத்துநர் | சனி, மாலை 5.00

நண்பர்களே, நிலா, நோபல், புயல் எல்லாம் வந்துவிட்டது. பத்திரம்தான் அப்படியே கிடக்கிறது. தலைப்புக்குத் திரும்புவோம்.

மின்ட் பைண்டர் | சனி, இரவு 8.25

மன்னிக்கணும், இன்னிக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை. இப்பதான் கை கழுவினேன்.

தம்பி, உங்க பத்திரத்துல நடந்தது இதுதான். பழைய செலோ டேப்ல ரப்பர்ப் பசை. காத்து பட்டுப் பட்டு அது முதல்ல இளகும், எண்ணெய் மாதிரி காகித நாருக்குள்ள எறங்கும். நீங்க சொன்ன பஜ்ஜிக் கறை அது. வருஷம் போகப் போக இறுகிப் பழுப்பாகி மொறமொறன்னு ஆகும். அதுக்குள்ள மேல் தாளுக்குப் புடிப்பு போயிடும், சருகா விழும். டேப் போயிடும், கறை போகாது. மாணவத் தம்பி சொன்ன "காயாத பசை"தான் இதுக்கு மூல காரணம். மீன் பெட்டிக்கு அந்தக் குணம் வரம், நாள்கணக்குல பிரிச்சுப் போடப்போற சாமான். பத்திரம் அப்படியா?

நான் பைண்டர்தான், ஆனா இந்தக் கறை என் கைக்கு மேல. எழும்பூர் மியூசியத்துல 1930-ல ஆரம்பிச்ச ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கு. இந்த வேலை தெரிஞ்சவங்க சூடு, கரைப்பான் எல்லாம் ஒரு மூலையில பரிசோதிச்சுப் பாத்துத்தான் மையில கை வெப்பாங்க. தானா கழண்ட டேப்பை மட்டும் எடுத்துடுங்க. ஒட்டிக்கிட்டு இருக்குறதை விடுங்க, முக்கியமா கைநாட்டு மேல இருக்குறதை.

லேமினேஷன் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க. வேண்டாம். சூட்டுல பிளாஸ்டிக் உருகிக் காகிதத்தோட ஒண்ணாயிடும். பிரிக்கவே முடியாது.

கிழிசல் சேர்க்கணும்னா ஜப்பான் மெல்லிசுத் தாளும் கோதுமை மாவுச் சத்துப் பசையும்தான் முறை. நாளைக்கு வேற ஒருத்தர் ஈரம் காட்டினா கழண்டு வந்துடும். அந்தத் தாள் கெடைக்கலேன்னா ஒட்டாமலே தட்டையா, மடிக்காம ஃபைல்ல வைங்க.

பெரம்பூர் டீச்சர் | சனி, இரவு 8.50

ஐயா சொல்வது சத்தியம். சாக்கடல் சுருள்கள் என்று இரண்டாயிரம் வருஷத்துப் பழைய ஏடுகள். 1950-களில் அறிஞர்களே துண்டுகளைச் சேர்க்க டேப் ஒட்டினார்கள். அதை எடுக்கவே பின்னால் வந்தவர்களுக்குப் பல பத்து வருஷம் போனது. உங்கள் அப்பா தனியாள் இல்லை.

கல்மண்டபத்தா‌ரே, பதிவுத்துறை இணையதளத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு எண், வருஷம், சார்பதிவாளர் அலுவலகம் தெரிந்தால் போதும்.

கல்மண்டபத்தான் | அடுத்த வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சான்றிட்ட நகல் வாங்கிட்டேன். பேங்க் வக்கீல் ரெண்டையும் பக்கத்துல வெச்சு வரி வரியாப் பாத்தார், மூலப்பத்திரம் படிக்கிற நிலையில இருக்கு, போதும்னுட்டார். தானா விழுந்த டேப் ரெண்டையும் எடுத்தாச்சு. கைநாட்டு மேல இருக்குறதைத் தொடல. ரேகை நல்லாவே தெரியுது.

பொண்ணு நீல வெளிச்சம் பாத்துட்டா. அதுக்கு ஒரு சுருள் பூரா காலி. இப்ப டேப் வேணாம், பசைதான் நல்லதுன்னு அவளே மைதா காய்ச்சிட்டு இருக்கா. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடணும்னு எங்கம்மா சொன்னாங்க, அதையும் ஒரு சிட்டிகை போட்டாச்சு.

மின்ட் பைண்டர் | வியாழன், இரவு 9.22

துத்தமா? அது செம்பு, காகிதத்தை அரிக்கும். பத்திரத்துல தடவிட்டீங்களா?

கல்மண்டபத்தான் | வியாழன், இரவு 9.24

இல்லண்ணே, இல்ல. கணக்கு நோட்டுக்கு அட்டை போட.

மின்ட் பைண்டர் | வியாழன், இரவு 9.25

அப்ப சரி. தாராளமா தடவட்டும். கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்க.